அப்பாவுக்கு வாங்கிய வேட்டி

எங்கள் வீட்டு அலமாரியின் மேல் தட்டில் எப்போதும் ஒரு புது வேட்டி இருக்கும். மடிப்புக் கலையாத எட்டு முழ வேட்டி. தீபாவளி நெருங்கும்போது என் மாமனார் சிரம்பானுக்குப் பஸ் ஏறிப் போய்த் தன் கையாலேயே பார்த்து வாங்கி வருவார். அது அவருடைய அப்பாவுக்கு. அடுத்த வருஷம் புது வேட்டி வந்ததும், பழையதை எடுத்து இவர் கட்டிக்கொள்வார். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். என் சேலை வைக்க இடம் இல்லை என்று எத்தனையோ தடவை முணுமுணுத்திருக்கிறேன். அந்தத் தட்டை மட்டும் அவர் விட்டுத்தர மாட்டார்.

இறந்தவர்களுக்குத் துணி எடுத்தால் தீபாவளிக்கு முதல் நாள் இலை போட்டுப் படைப்பார்கள். எங்கள் வீட்டிலும் மாமியாருக்கும் மாமாவின் அம்மாவுக்கும் அப்படித்தான் படைக்கிறோம். மாமாவின் அப்பாவுக்கு மட்டும் இலை கிடையாது. அவர் இறந்துவிட்டார் என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை.

ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், ரந்தாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. ஒரு நாள் காலையில், ஆட்கள் எல்லாம் மரத்துக்குப் போன பிறகு லாரி வந்து நின்றது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று சொல்லி, தோட்டத்துக் கங்காணியான மண்டோரை விட்டு ஆம்பளைகளைக் கூப்பிட வைத்தார்கள். இடுப்பில் செருகிய கத்தியோடு அப்படியே ஏறிப் போனவர்தான். விஷயம் கேள்விப்பட்டு அவருடைய மனைவி, வயிற்றுப்பிள்ளைக்காரி, மரத்துக்கு ஓடினார். மரங்களில் கட்டியிருந்த மங்குக் கிண்ணமெல்லாம் நிறையப் பால் நின்றது. ஆள் இல்லை. அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? வாளியை எடுத்து அந்தப் பால் முழுவதையும் எடுத்துக்கொண்டுபோய், பால் சேர்க்கிற ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தாராம். புருஷன் திரும்பி வந்து, பாலை ஏன் வீணாக்கினாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயமாம்.

அந்த வயிற்றில் இருந்தவர்தான் என் மாமனார். அந்த அம்மா கடைசிவரைக்கும் பொட்டை எடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்திலும் நெற்றி நிறையப் பொட்டோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் அந்தப் படத்துக்கு நான் குங்குமம் வைக்கிறேன்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்ததிலிருந்தே மாமா ஒரு மாதிரி இருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மூட்டு வலி வேறு. ஒரு நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“எனக்கப்புறம் அந்த வேட்டிய யாரும்மா வாங்குவா?”

“உங்க மகன் வாங்குவாரு மாமா. ஏன் இப்படிப் பேசறீங்க?”

“வாங்குவான். யாருக்குன்னு வாங்குவான்? ஒரு போட்டோ கூட இல்ல. நானே பார்த்ததில்ல. என்னோட இது முடிஞ்சிடும்லா.”

“அப்ப இந்த வருஷம் இலை போட்டுப் படைச்சிடுவோமா?”

அவர் சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தார். “படைக்கணும்னு எனக்கும் இருக்கு. ஆனா நான் எள்ளும் தண்ணியும் விட்டா, எங்கம்மா நெத்தியில இருக்கறத நான் அழிச்ச மாதிரி ஆயிடுமே. அதோட, இருக்காரா போனாரான்னே தெரியாத மனுஷனை எப்படிம்மா அனுப்பி வைக்கிறது?”

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். மாரியம்மனுக்கு விளக்கு ஏற்றும்போது, தாயே, இந்தப் பெரியவருக்கு ஒரு வழி காட்டு என்று மட்டும் சொன்னேன்.

அந்த மாதத்தில்தான் ஒரு ஓவிய டீச்சர் எங்கள் கோவில் மண்டபத்தைக் கேட்டு வந்தாள். அம்பாங்கானிலிருந்து காரோட்டி வரும் சின்னப் பெண். சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் யாரும் சொல்லாமலே செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். அவளுடைய குடும்பத்திலும் ஒருவர் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லையாம். அப்படிப் போனவர்களுக்காகப் பலகையில் படம் செதுக்கி, மை பூசி, துணியில் அச்செடுத்து, ஆடி மாதத்தில் மண்டபத்தில் தொங்கவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

“எங்களுக்கு வரையத் தெரியாதே டீச்சர்,” என்றோம்.

“போட்டோ இருக்கறவங்க போட்டோவ மாட்டிக்கலாம் ஆன்ட்டி. இது போட்டோ இல்லாதவங்களுக்கு,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் எங்கள் வகுப்பு. கோவிலில் பூக்கட்டுகிற, பாத்திரம் கழுவுகிற பெண்கள்தான் எல்லாரும். முதலில் பழகுவதற்கு என்று டீச்சர் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருக்கிறது. ரப்பர்.

பக்கத்து வீட்டு அக்கா, என்னோடு பல வருஷம் மரம் வெட்டியவர், அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “தோட்டத்த வித்து வீடு கட்டியாச்சு, இன்னும் இது நம்மள விடமாட்டேங்குதே,” என்றார். மண்டபமே சிரித்தது.

சின்ன உளி ஒன்று கொடுத்தாள். முனை வளைந்து, பால் வெட்டும் கத்திக்குத் தங்கை மாதிரி இருந்தது. கையில் பிடித்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. நான் பாட்டுக்கு இழுத்து வெட்ட ஆரம்பித்தேன். டீச்சர் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆன்ட்டி, தள்ளணும். உங்க பக்கம் இழுத்தீங்கன்னா கைய வெட்டிக்குவீங்க.”

எங்கள் கை அப்படி. நாங்கள் கத்தியை எங்கள் பக்கமாக இழுத்தே வாழ்ந்தவர்கள். தள்ளி வெட்டுவதற்குள் எனக்கும் அக்காவுக்கும் வேர்த்துவிட்டது. இரண்டு பேர் விரலிலும் பிளாஸ்டர்.

நான் செதுக்கியது ஒரு பால்மரம். வேறு எதை நான் அறிவேன்? அடிமரம், அதில் வெட்டுக்கோடு, கீழே மங்கு. மை பூசி, காகிதம் வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தேன். அழகாகத்தான் வந்தது. மாரியம்மன் சந்நிதிப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அக்காவிடம் காட்டினேன். அவர் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏண்டி, எந்த மண்டோரு உனக்கு மரம் குடுத்தான்?”

அப்போதுதான் கவனித்தேன். வெட்டுக்கோடு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. எங்கள் மரங்களில் கோடு இடப்பக்கம் மேலே ஆரம்பித்து வலப்பக்கம் கீழே இறங்கும். அதை மாற்றி வெட்டினால் பால் சரியாக வராது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மண்டோர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் சரியாகத்தான் செதுக்கியிருந்தேன். அச்சில் வலது இடதாகிவிட்டது.

“பலகையில தப்பா வெட்டினாத்தான் துணியில சரியா வரும் ஆன்ட்டி,” என்றாள் டீச்சர்.

சொல்வது சுலபம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் என் கை சரியான பக்கமே போகும். நான் அதைப் பிடித்து நிறுத்தித் தப்பான பக்கம் திருப்ப வேண்டும்.

அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவரும் மரம் வெட்டியவர்தானே, முதலில் சிரித்தார். பிறகு மங்கின் மேல் விரல் வைத்து, “இது நெறஞ்சிருக்கா, காலியா?” என்று கேட்டார்.

“நெறஞ்சிருக்கு மாமா.”

எழுந்து போய்விட்டார். மறு ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது சட்டை போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்.

பெரிய பலகை அப்படித்தான் ஆரம்பித்தது. ஆளை விட உயரமான முழு ப்ளைவுட் பலகை. எங்களில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே படம் செய்வது என்று முடிவானது: மரங்களுக்கு நடுவே, நம்மை விட்டு நடந்துபோகிற ஒரு ஆளின் முதுகு. முகம் வேண்டாம் என்று மாமாதான் சொன்னார். “தெரியாத மூஞ்சிய நாமளா வரையக்கூடாது. போறதத்தானே எல்லாரும் பார்த்தாங்க. போறதையே போடுங்க.”

ஆளுக்கு யாரைப் பார்த்து வரைவது? டீச்சர் பலகையைக் கோவில் முற்றத்தில் தரையில் போட்டு, மாமாவை வெயிலில் நிறுத்தினாள். அவர் நிழல் பலகையில் விழுந்தது. சாக்கட்டியோடு அவள் குனிந்தாள்.

“பொறும்மா,” என்றார் மாமா. “எங்கப்பா என்னவிட உயரம்னு அம்மா சொல்லுவாங்க. வெயில் கொஞ்சம் சாயட்டும். நெழல் வளரட்டும்.”

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி தாத்தா, வளரட்டும்,” என்று சாக்கட்டியைக் கீழே வைத்தாள். எல்லாரும் டீ குடித்துவிட்டுக் காத்திருந்தோம். மாமா அசையாமல் நின்றார். நிழல் அவரை மிஞ்சிப் பலகையின் மேல் விளிம்பைத் தொடப்போன நேரத்தில், “இப்ப புடி,” என்றார்.

வைகாசி முழுவதும் செதுக்கினோம். ஆளை நான் செதுக்கினேன். மரங்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இடுப்பில் கத்தி, ஒரு மரத்தடியில் விட்டுப்போன வாளி. அக்கா ஒவ்வொரு மரத்துக்கும் வெட்டுக்கோடு போடுவதற்கு முன்னால் சத்தமாக, “தப்பு, தப்பு, தப்பு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெட்டுவார்.

அச்செடுக்கும் நாளில் துணி எது என்ற பேச்சு வந்தது. டீச்சர் காடாத்துணி கொண்டுவந்திருந்தாள். மாமா பையிலிருந்து அந்த வேட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அலமாரி மேல் தட்டு வேட்டி.

“மாமா, இது...” என்றேன்.

“அவருக்கு வாங்கினதுதானே. அவருக்கே போட்டுக் குடுங்க.”

பலகையில் உருளையால் கறுப்பு மை ஏற்றினோம். மாமா ஒரு மூலையைப் பிடிக்க, நான் மறு மூலையைப் பிடிக்க, வேட்டியை விரித்துச் சுருக்கமில்லாமல் மேலே இறக்கினோம். அதன் மேல் ஒரு பாய். கரண்டியால் தேய்க்கப் போனேன். டீச்சர் தடுத்தாள்.

“இவ்வளவு பெரிய பலகைக்குக் கரண்டி பத்தாது ஆன்ட்டி. ஏறி மிதிக்கணும். நாங்க காலேஜ்ல டான்ஸ் ஆடித்தான் எடுப்போம். உடம்பு கனம் மொத்தமும் வேணும்.”

ஒருவரும் அசையவில்லை.

எழுத்து இருக்கிற காகிதத்தில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். கீழே இருப்பது இந்தப் பெரியவரைப் பெற்ற அப்பன். எந்த மண்ணில் விழுந்து கிடக்கிறாரோ, யார் மிதித்து நடக்கிறார்களோ என்று ஒரு குடும்பமே கலங்கிக் கிடந்த மனுஷர். அவர் மேல் ஏறி நின்று நாங்கள் ஆடுவதா?

“என்னால ஆகாதும்மா,” என்றேன். “கையாலயே அழுத்துறோம்.”

மண்டியிட்டு உள்ளங்கையால் அழுத்தினோம். அக்கா முழங்கையையும் ஊன்றினார். டீச்சர் ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். மரம் சாம்பல் புகை மாதிரி, இருந்தும் இல்லாமல் இருந்தது. இப்படி வந்தால் நடுவில் இருக்கிற ஆளும் வரமாட்டார் என்று எங்களுக்கே தெரிந்தது.

“மை காய்ஞ்சிக்கிட்டே வருது ஆன்ட்டி,” என்றாள் மெல்ல. அவளுக்கும் எங்களை வற்புறுத்த மனசில்லை. துணியோ ஒன்றுதான்.

மாமா அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். குனிய முடியாமல் குனிந்து, பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எம் மகன் சின்னப்புள்ளையில எந்நேரமும் எம் மேலதான் கெடப்பான். படுத்திருந்தா நெஞ்சுல ஏறி நின்னுக்கிட்டுக் குதிப்பான். எனக்குப் பாவம்னு தோணுமா? இன்னும் கொஞ்சம் மிதிடான்னு இருக்கும்.” மூச்சு வாங்கினார். “எங்கப்பாவ நான் மிதிச்சதே இல்ல. அதுக்கு அந்த மனுஷன் இல்லாமப் போயிட்டாரு. கையப் புடிம்மா.”

நான் ஒரு கையையும் டீச்சர் ஒரு கையையும் பிடித்துக்கொண்டோம். வெறுங்காலோடு பாயில் ஏறினார். கால் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நடை பழகுகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு அடியாக ஊன்றி ஊன்றி வைத்தார். இடுப்பைத் தாண்டி முதுகின் மேல் வந்ததும் நின்றார். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, குதிகாலைத் தூக்கித் தூக்கி அழுத்தினார். அவர் மூட்டுக்கு அது குதிப்பதுதான். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, அது எனக்குச் சொன்னதில்லை.

பூக்குழி இறங்குகிறபோது நெருப்பின் மேலேயே கால் வைக்கிறோமே, அம்மனிடம் கேட்டுக்கொண்டு இறங்குகிறோம், அது பாவமாகிறதா என்று அப்போது எனக்குத் தோன்றியது. நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மரங்கள் இருக்கிற பக்கமாக ஏறினேன். அக்கா அம்மன் தாலாட்டைப் பாட எடுத்தார். ஒவ்வொருவராக எல்லாரும் ஏறிவிட்டோம். தாலாட்டின் தாளத்துக்குக் கால் தானாக விழுந்தது. டீச்சரும் எங்களோடு மிதித்தாள். பாட்டு தெரியாததால் கையைத் தட்டிக்கொண்டாள்.

பாயை எடுத்துவிட்டு வேட்டியை ஒரு முனையிலிருந்து தூக்கினோம். மை பிரிகிற சத்தம் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல மெதுவாகக் கேட்டது. மரங்கள் கறுகறுவென்று வந்தன. வாளி வந்தது. கடைசியாக அவர் வந்தார். அகலமான முதுகு. இடுப்பில் கத்தி. நடந்துகொண்டே இருக்கிறார். மாமா ஏறி நின்ற இடம்தான் எல்லாவற்றையும் விட அழுத்தமாக விழுந்திருந்தது.

கயிற்றில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு வலது ஓரத்தைக் காட்டி, “அந்த மரம் யாரு வெட்டினது?” என்றார்.

எல்லா மரமும் சரி. ஓரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயோ பெரியப்பா, அந்த ஒண்ணுக்குத் தப்பு சொல்ல மறந்துட்டேன்.”

“இருக்கட்டும், இருக்கட்டும்,” என்றார் மாமா. “அது எங்கம்மா வெட்டினதா இருக்கும். அவங்க புல்லு வெட்டுற வேலைக் கணக்குல இருந்தவங்க. பால் கத்தி புடிக்கவே தெரியாது.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “பார்த்துட்டேம்மா,” என்றார். சிறிது தூரம் போன பிறகு, “இனிமே அனுப்பி வைக்கலாம். ஆனா அம்மா பொட்டு?” என்றார்.

அந்தக் கேள்விக்கு இந்தத் தடவை எனக்குப் பதில் இருந்தது. எப்படி வந்ததென்று கேட்டால், செதுக்கிய நேரமெல்லாம் மனசு அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாரித்தாய் கொடுத்தது.

“மாமா, அம்மா போய் எவ்வளவோ வருஷம் ஆயிடுச்சு. அவங்க போனப்ப உங்கப்பாவுக்கு யாரும் எள்ளு விடலையே. இன்னிக்கு வரைக்கும் விடல. அப்ப முன்னால போனது அம்மா. அவங்க பொட்டோட, சுமங்கலியாத்தான் போயிருக்காங்க. இப்ப நீங்க அப்பாவுக்குச் செஞ்சா அவங்களுக்கு ஒரு கொறையும் வராது. வெள்ளிக்கெழம நான் எப்பவும்போல அந்தப் படத்துக்குக் குங்குமம் வைப்பேன்.”

அவர் என் தலையில் கை வைத்தார். அவர் அப்படி வைத்தது என் கல்யாணத்தன்றுதான்.

ஆடி அமாவாசைக்குப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். வழக்கமாகப் போவதுதான், ஆனால் இந்தத் தடவை ஐயர் தகப்பனார் பேர் கேட்டபோது மாமா பேசாமல் இருக்கவில்லை. அலைச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொன்னார். ஐயர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னார், இன்னும் கொஞ்சம் உரக்க. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று தாத்தாவின் பேரைத் தன் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எள்ளும் தண்ணீரும் மாமாவின் கையிலிருந்து கடலில் விழுந்தன.

வீட்டுக்கு வந்து இரண்டு இலை போட்டேன். ஒன்றுக்கு மேலே அம்மாவின் படம். இன்னொன்றுக்கு மேலே, சுவர் முழுக்க அந்த வேட்டி. அன்றைக்கு மட்டும் மண்டபத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தோம். விருந்துக்கு வந்த அக்கா மாமாவை விடவில்லை.

“படைச்ச துணிய கட்டிக்கணுமே பெரியப்பா. கட்டிக்கிட்டு ரந்தாவ் பாசாருக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.”

“போறேன்லா. நீ வெட்டின மரத்த முன்னால வச்சுக் கட்டிக்கிட்டுப் போறேன். யாரு வெட்டினான்னு கேட்டா உன் வீட்டக் காட்டறேன்.”

வேட்டி இப்போது மண்டபத்தில் தொங்குகிறது. கும்பிட வருகிறவர்கள் அதன் முன்னால் நிற்கிறார்கள். மற்றக் குடும்பங்களும் டீச்சரிடம் தங்கள் வீட்டு ஆளுக்குப் பலகை கேட்டிருக்கிறார்கள். லுக்குட்டிலிருந்து ஒரு குடும்பம் மோட்டார் சைக்கிளில் வருகிறது.

படையல் முடிந்த மறுநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா அலமாரியைத் திறந்து மேல் தட்டைக் கையால் தடவித் தூசி தட்டினார்.

“எடம் இல்ல, எடம் இல்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே,” என்றார். “இந்தா, உன் சேலைய வை.”